ராயக்கோட்டை வானத்தில் 10 நிமிட 'மெயில்'! வருகிறது என்று மணி அடிக்கும் ரேடியோ!

மாலை 6 மணி. ராயக்கோட்டை பஸ் நிலையம். ஓசூர் சிப்காட் கம்பெனிகளில் ஷிப்டு முடித்தவர்கள் பஸ்சை விட்டு இறங்குகிறார்கள். மார்க்கெட் பக்கம் தக்காளிப் பெட்டிகள் லாரியில் ஏறுகின்றன.

"பெங்களூர் லோடு கெளம்பிருச்சா?" என்று ஒரு குரல்.

"கிருஷ்ணகிரி வண்டி போயிட்டுதா?" என்று இன்னொரு குரல்.

எல்லார் கண்ணும் ரோட்டின் மேல். ஆகாயத்தை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

ஆனால் அந்த ஆகாயத்திலும் ஒரு வண்டி போகிறது! சுமார் 400 கிலோமீட்டர் உயரம். வினாடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் வேகம். அந்த வேகத்தில் போனால் ராயக்கோட்டையிலிருந்து ஓசூருக்கு நாலே வினாடிதான். அடேயப்பா!

அதுதான் சர்வதேச விண்வெளி நிலையம். பூமியை ஒரு சுற்றுச் சுற்ற அதற்கு ஒன்றரை மணி நேரம் போதும். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை நம் ஊர் வானத்தில் தலைகாட்டும். வீரர்கள் தங்கும் இந்த நிலையத்தில் ஹாம் ரேடியோ செட்டும் உண்டு.

அந்த வண்டியில் ஏற டிக்கெட் கிடைக்காது. ஆனால் சேதி கொடுத்து அனுப்பலாம்! வாங்கி, கீழே இருக்கும் இன்னொருவருக்குக் கொடுத்துவிடும்.

ஒரே ஒரு சங்கடம். அது நிற்காது!

பத்தே நிமிடம்

அடிவானத்தில் ஒரு பக்கம் எழும்பி, மறுபக்கம் மறைய அதற்கு ஆகும் நேரம் சுமார் 10 நிமிடம். அதற்குள் பேச வேண்டியதைப் பேசிவிட வேண்டும். தவறவிட்டால் அடுத்த சுற்றுக்கு ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்தச் சுற்றும் நம் தலைக்கு மேலேயே வரும் என்று சொல்ல முடியாது. பூமியும் சுழல்கிறது அல்லவா? சில சமயம் அடுத்த வேளை வரையில் காத்திருக்க வேண்டியதுதான்.

செயற்கைக்கோள் இப்படி வந்து போவதை ரேடியோக்காரர்கள் 'பாஸ்' என்பார்கள். ரெயில்வே சீசன் பாஸ் அல்ல! அது மாதம் முழுவதும் செல்லும். இது 10 நிமிடம் மட்டுமே செல்லும்.

ரெயிலுக்காவது கால அட்டவணை உண்டு. நேற்று வந்த நேரத்துக்குத்தான் இன்றும் வரும். இந்த ஆகாய வண்டியின் நேரம் தினமும் மாறும். வரும் திசையும் மாறும். நேற்று வடமேற்கில் எழும்பியது இன்று தென்மேற்கில் எழும்பும்.

அப்படியானால் எப்போது வருகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அதற்குத்தான் மணி அடிக்கும் ரேடியோ!

டீக்கடை வாசலில்...

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள்.

மலைக்கோட்டை அடிவாரம். டீக்கடை ஓரம் ஒரு ஜீப் நிற்கிறது. ஸ்டியரிங் பக்கத்தில் சிறிய ரேடியோ செட். கூரை மேல் ஒரு குச்சி ஏரியல். திடீரென்று செட் 'டிர்ர்ர்' என்று அரை வினாடி கரகரக்கிறது. அதன் சின்ன ஜன்னலில் நாலு எழுத்து ஓடுகிறது. ஜீப்காரர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

"என்னா சார் அது, டிவியா?" என்று கேட்கிறார் கடைக்காரர்.

"டிவி இல்லண்ணே, ரேடியோ. இன்னும் ஆறு நிமிஷத்துல மேல ஒண்ணு வரப் போவுது. தென்மேற்கால கெளம்பி வடகிழக்கால போவும்."

"யாரு சொன்னது?"

"இந்த ரேடியோவேதான் சொல்லுது."

"இங்க போனே சரியா எடுக்காது. ஒரு நேரம் தமிழ்நாடு டவர், ஒரு நேரம் கர்நாடகா டவர்."

"போன் எதுக்குண்ணே? இது டவர் வழியா வர்ற சேதி இல்ல."

கடைக்காரருக்கு வியப்பு! இது மாயமல்ல, மந்திரமல்ல. ஹாம் ரேடியோ செய்யும் வேலை.

ஹாம் என்றால்?

பணத்துக்காக அல்லாமல், பொழுதுபோக்காகவும் பொதுத் தொண்டாகவும் வயர்லெஸ் நிலையம் நடத்துகிறவர்களை 'ஹாம்' என்கிறார்கள். மத்திய அரசு நடத்தும் பரீட்சையில் தேறி லைசென்ஸ் வாங்கியவர்கள் இவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக் குறி உண்டு. மறைந்த பிரதமர் ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம். அவருடைய குறி 'வி.யு.2 ஆர்.ஜி.'

ஹாம்களின் கைக்கருவி பெரும்பாலும் 'வி.எச்.எப்.' செட். போலீஸ்காரர் இடுப்பில் பார்க்கிறோமே, அந்த மாதிரி. இதில் ஒரு குறை உண்டு. இதன் அலை நேர்கோட்டில்தான் போகும். நடுவில் மலை வந்தால் நின்றுவிடும்.

ராயக்கோட்டைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுற்றிலும் குன்று. ஒரு பக்கம் பாரா மகால் சமவெளி. மறுபக்கம் மைசூர் மேட்டு நிலம். நடுவில் கணவாய். அந்தக் கணவாயைக் காக்கத்தான் இங்கே கோட்டையே கட்டினார்கள். அதைத் திப்பு சுல்தானின் ஆட்களிடமிருந்து மேஜர் கௌடியின் ஆங்கிலப் படை பிடித்தது 1791-ம் ஆண்டில்.

படையை மறித்த மலை, ரேடியோ அலையையும் மறிக்கிறது!

மலை மறைக்கும், வானம் மறைக்காது

ஆனால் தலைக்கு நேர் மேலே மலை ஏது?

400 கிலோமீட்டர் உயரத்தில் விண்வெளி நிலையம் வரும்போது, அதன் 'பார்வை' கீழே சுமார் 2 ஆயிரம் கிலோமீட்டர் சுற்றளவுக்கு எட்டுகிறது. அது ராயக்கோட்டைக்கு மேலே நிற்கும் அந்த நொடியில் டெல்லியும் அதன் கண்ணில் படும். கொல்கத்தாவும் படும். கொழும்பும் படும். கடல் கடந்த போர்ட் பிளேரும் படும்!

இந்த வட்டத்துக்குள் இருக்கும் எந்த இரண்டு ஹாம்களும் கைக்கு அடக்கமான செட்டிலேயே சேதி பரிமாறிக்கொள்ளலாம். பக்கத்து மலைக்கு அந்தப்புறம் கேட்காத செட், டெல்லிக்குக் கேட்கும்!

கண்ணாடித் தாளில் வரைந்த காலம்

முதல் ஹாம் செயற்கைக்கோள் ஆகாயத்துக்குப் போனது 1961-ம் ஆண்டு டிசம்பர் 12-ல். பெயர் 'ஆஸ்கார்-1'. எடை சுமார் நாலரை கிலோ. மோர்ஸ் தந்தி எழுத்தில் 'ஹாய்' என்று மட்டும் சொல்லிக்கொண்டே சுற்றியது. மூன்று வாரத்தில் பேட்டரி தீர்ந்தது.

பிறகு பல செயற்கைக்கோள்கள் வந்தன. எது எப்போது வரும் என்று கணக்குப் போட, ஹாம்கள் பூமி வரைபடத்தின் மேல் ஒளி ஊடுருவும் தாளை வைத்துச் சுழற்றிப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் வந்ததும் அந்தத் தாள் மூட்டைக்குப் போனது.

கம்ப்யூட்டர் வந்தும் ஒரு குறை பாக்கி. கம்ப்யூட்டர் வீட்டில். ஹாம் ரோட்டில்! வண்டி ஓட்டுகிறவர் கணக்குப் போட முடியுமா?

அளவு டேப்பே ஏரியல்!

இதற்கு வழி கண்டவர் பாப் புரூனிங்கா. அமெரிக்கக் கடற்படை அகாடமியில் பணியாற்றியவர். 2022-ல் காலமானார்.

ஹாம் செட்டுகள் குரலுக்குப் பதில் எழுத்தில் சின்னஞ்சிறு தகவல்களை அனுப்பிக்கொள்ளும் முறையை அவர் உருவாக்கினார். அதற்கு 'ஏ.பி.ஆர்.எஸ்.' என்று பெயர். யார் எங்கே இருக்கிறார், அங்கே மழையா வெயிலா, என்ன உதவி தேவை என்ற விவரங்களை அரை வினாடி, ஒரு வினாடியில் 'டிர்ர்ர்' என்று அனுப்பிவிடும். அந்தச் சத்தம்தான் ஜீப்பில் கேட்டது.

ஒரு ஊரில் ஒரே ஒரு ஹாம் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் போதும். செயற்கைக்கோள்களின் பாதையை அது கணக்கிடும். ஒன்று நெருங்கும்போது, அதன் பெயர், திசை, தூரம், எந்த அலைவரிசையில் கேட்க வேண்டும் என்ற விவரங்களைத் தானாகவே ஒலிபரப்பும். வட்டாரத்தில் ஓடும் எல்லா ஹாம் வண்டிகளின் செட்டிலும் அது எழுத்தாக விழும். இப்படி எழுத்தைக் காட்டும் செட்டுகளை ஜப்பானின் கென்வுட் போன்ற கம்பெனிகள் விற்பனைக்கும் கொண்டுவந்தன.

ரெயில் நிலையத்தில் மணி அடித்து, "வண்டி அடுத்த ஸ்டேஷனை விட்டுடுச்சு" என்று சொல்வதைப் போலத்தான் இதுவும்!

புரூனிங்கா அத்துடன் விடவில்லை. கடற்படை அகாடமி மாணவர்களைக் கொண்டு 'பி.சி.சாட்' என்ற செயற்கைக்கோளையே செய்தார். 2001-ம் ஆண்டு செப்டம்பர் 30-ல் அது பறந்தது. அதன் ஏரியல் என்ன தெரியுமா? தச்சர்கள் வைத்திருக்கும் ஸ்டீல் அளவு டேப்!

தரையிலும் அந்த டேப்பை ஹாம்கள் விடவில்லை. பி.வி.சி. பைப்பில் அளவு டேப்பை வெட்டிக் கட்டினால் கையில் பிடிக்கும் ஏரியல் தயார். சாமான்கள் எல்லாம் ஹார்டுவேர் கடைச் சரக்குதான்.

ஊதிக்கொண்டு போகும் ரெயில்

அலைவரிசையையும் ஏன் முன்கூட்டிச் சொல்ல வேண்டும்?

ராயக்கோட்டை ஸ்டேஷனில் நிற்காமல் போகும் ரெயிலைக் கவனியுங்கள். வரும்போது ஊதல் சத்தம் கூர்மையாகக் கேட்கும். தாண்டிப் போனதும் சத்தம் தணியும். ஊதல் ஒன்றுதான். ரெயில் ஓடுவதால் நம் காதுக்கு மாறிக் கேட்கிறது.

செயற்கைக்கோளுக்கும் அதே கதை. வரும்போது அதன் அலைவரிசை கூடும். போகும்போது குறையும். 437 மெகா ஹெர்ட்ஸ் அளவில் இந்த வித்தியாசம் சுமார் 10 கிலோ ஹெர்ட்ஸ். செட்டின் திருகை அதற்கேற்பத் திருப்பிக்கொண்டே வர வேண்டும். இல்லாவிட்டால் 10 நிமிடமும் இரைச்சலைத்தான் கேட்க வேண்டும்!

145 மெகா ஹெர்ட்ஸ் அளவில் இந்தத் தொல்லை குறைவு. விண்வெளி நிலையமும் வேறு சில செயற்கைக்கோள்களும் எழுத்துச் சேதிக்குப் பயன்படுத்திய அலைவரிசை 145.825 மெகா ஹெர்ட்ஸ். செட்டை அதில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தாலும் போதும். செயற்கைக்கோள் எழும்பியதும் அதன் சொந்தச் சேதியே செட்டில் விழும். வாசலில் வந்து பெயர் சொல்லிக் கூப்பிடும் விருந்தாளி மாதிரி!

ஆனால் சில நாள் கூப்பிடாது. வீரர்கள் நிலையத்தை விட்டு வெளியே வந்து வேலை செய்யும்போதும், வேறு விண்கலம் வந்து சேரும்போதும் ஹாம் ரேடியோவை அணைத்து வைப்பது வழக்கம்.

பக்கத்து ஊரில் பிறந்த 'ஹாம்சாட்'

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். ராயக்கோட்டையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூரில் உருவானது இந்தியாவின் சொந்த ஹாம் செயற்கைக்கோள்!

பெயர் 'ஹாம்சாட்'. எடை 42.5 கிலோ. 2005-ம் ஆண்டு மே 5-ல், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-6 ராக்கெட்டில், 'கார்ட்டோசாட்-1' என்ற பெரிய செயற்கைக்கோளுடன் சேர்ந்து பறந்தது. உலக ஹாம்கள் அதை 'வி.ஓ.-52' என்று அழைத்தார்கள்.

அதற்குள் குரலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவிகள் இரண்டு. ஒன்று இந்திய ஹாம்களின் உழைப்பு. இன்னொன்றைச் செய்து கொடுத்தவர் வில்லியம் லைனார் என்ற டச்சு நாட்டு என்ஜினீயரிங் மாணவர். அவரும் ஒரு ஹாம். இஸ்ரோவின் செயற்கைக்கோளில் ஒரு வெளிநாட்டு மாணவரின் கைவேலை!

இரண்டு ஆண்டு உழைத்தால் போதும் என்று அனுப்பினார்கள். அது ஒன்பது ஆண்டுக்கு மேல் உழைத்தது! கடைசியில் பேட்டரி கைகொடுக்கவில்லை. 2014-ம் ஆண்டு ஜூலை 11-ல் அதற்கு ஓய்வு கொடுக்கப்பட்டது.

ராயக்கோட்டை வானத்தில் ஒன்பது வருடம் வந்து போன நம்ம ஊர் 'மெயில்' நின்றது.

மூன்று மாதக் குழந்தைகள்

பிறகு இஸ்ரோ வேறு ஒரு வழி கண்டது. செயற்கைக்கோளை விட்டுவிட்டுச் சும்மா சுற்றும் ராக்கெட்டின் கடைசிப் பகுதியையே மேடையாக்கி, அதில் கல்லூரிகளின் கருவிகளை வைத்தது. அந்த மேடைக்குப் 'போயம்' என்று பெயர்.

2024-ம் ஆண்டு ஜனவரி 1-ல் பறந்த மேடையில் மும்பை கே.ஜே.சோமையா கல்லூரியின் 'பிலீப்சாட்-0' என்ற ஹாம் கருவி இருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 30-ல் பறந்த அடுத்த மேடையில் சிக்கபள்ளாப்பூர் எஸ்.ஜே.சி. கல்லூரியின் 'அர்பித்' என்ற ஹாம் கருவி இருந்தது. சிக்கபள்ளாப்பூரும் நமக்குத் தூரமல்ல. பெங்களூரைத் தாண்டினால் வந்துவிடும்.

ஆனால் ஆயுசு குறைவு. முதல் மேடை 2024 மார்ச் 21-லும், அடுத்தது 2025 ஏப்ரல் 4-லும் காற்று மண்டலத்தில் விழுந்தன. ஒவ்வொன்றும் சுமார் மூன்று மாதம்தான்!

அதனால்தான் முன்னறிவிப்பு இன்னும் அவசியமாகிறது. எது உயிரோடு இருக்கிறது, எது போய்விட்டது, எது இன்று வரும் என்பதை யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்?

2025-ம் ஆண்டு ஜூலை 4-ல், விண்வெளி நிலையத்தில் இருந்த இந்திய வீரர் சுபான்சு சுக்லா, பெங்களூர் யு.ஆர்.ராவ் செயற்கைக்கோள் மையத்தில் கூடிய மாணவர்களுடன் ஹாம் ரேடியோவில் பேசினார். இத்தகைய பேச்சுக்கும் கிடைப்பது சுமார் 10 நிமிடம்தான். மாணவர்கள் கேள்விகளைக் கையில் எழுதி வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். வண்டி வந்த பிறகு யோசிக்க நேரம் ஏது?

உயிர் காக்கும் பொழுதுபோக்கு

"இதெல்லாம் யாருக்குப்பா உபயோகம்? போன்ல ஆப் போட்டா நேரம் காட்டிட்டுப் போவுது!" என்று சிலர் கேட்கலாம்.

நியாயமான கேள்விதான். செல்போன் ஆப் நேரம் காட்டும். ஆனால் அதற்குப் புதிய பாதைக் கணக்கு இன்டர்நெட்டில் வர வேண்டும். விண்வெளி நிலையத்தை அவ்வப்போது உயரத் தள்ளிவிடுவார்கள். பழைய கணக்கு தப்பாகிவிடும். டவர் சாய்ந்த அன்று புதுக் கணக்கு எங்கிருந்து வரும்?

டவர் சாய்கிற அன்றுதானே ஹாம் தேவை!

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது, பாரதி பிரசாத் என்ற பெண் ஹாம், தமது குழுவுடன் போர்ட் பிளேரில் இருந்தார். அந்தமானிலிருந்து உலக ஹாம்களுடன் பேசுவதற்காகப் போனவர்கள் அவர்கள். அலை வந்தது. டெலிபோன்கள் ஊமையாயின. பொழுதுபோக்குக்கு வைத்த ரேடியோ, ஒரே நிமிடத்தில் உயிர்ச் செய்தி சொல்லும் ரேடியோவாக மாறியது. "என் மகன் உயிரோடு இருக்கிறானா?" என்று தாய்நாட்டுக் கரையில் துடித்தவர்களுக்கு அது பதில் தேடித் தந்தது.

அது சிற்றலை ரேடியோ. பெரிய செட், நீளமான ஏரியல். எல்லார் வண்டியிலும் அது இருக்காது. கைக்கு அடக்கமான செட்டுக்கு அந்தத் தூரத்தை எட்டித் தருவது தலைக்கு மேலே வரும் செயற்கைக்கோள்தான்.

"இங்கே கடலா இருக்கு, சுனாமி வர?" என்று கிருஷ்ணகிரி மாவட்டக்காரர்கள் கேட்க முடியாது. 2024-ம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில், பெஞ்சல் புயல் மழையில், ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது! நிறுத்தி வைத்திருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் இழுத்துச் சென்றதை நாடே பார்த்தது. கடலே இல்லாத மாவட்டம்! வெள்ளம் வருவதற்குக் கடல் வேண்டியதில்லை.

அப்படி ஓர் இரவில் மின்சாரம் போய், டவரும் போய்விட்டால்? கார் பேட்டரியில் ஓடும் ஒரு செட். அளவு டேப்பில் செய்த ஒரு ஏரியல். 'இன்னும் ஆறு நிமிடத்தில் வருகிறது' என்று முன்கூட்டி ஒரு வரி. இவை மூன்றும் இருந்தால், "ஊர் மூழ்குது, படகு வேணும், மருந்து வேணும்" என்று வெளியே சேதி போகும்.

அந்த ஒரு வரி வராவிட்டால்? வண்டி வந்து போயிருக்கும். ஹாம் மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்திருப்பார்!

லைசென்ஸ் முக்கியம்!

ஆசை வந்துவிட்டது என்பதற்காக யாரும் செட்டை வாங்கிப் பேசக் கிளம்ப வேண்டாம். லைசென்ஸ் இல்லாமல் ஒலிபரப்புவது குற்றம். மத்திய தகவல் தொடர்புத் துறையின் பரீட்சை எழுத வேண்டும். ரேடியோ எப்படி வேலை செய்கிறது, சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பார்கள். ஆரம்ப வகுப்புப் பரீட்சைக்கு மோர்ஸ் தந்தி தெரிய வேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளைகளும் தேறியிருக்கிறார்கள். கிளார்க்குகளும் கடைக்காரர்களும் தேற முடியாதா என்ன?

கோட்டைக் காவலன்

அந்தக் காலத்தில் ராயக்கோட்டை மலை உச்சியில் காவலன் நின்றான். எதிரிப்படை கணவாயை எட்டும் முன்பே ஊருக்குச் சொல்வது அவன் வேலை. படை வந்து சேர்ந்த பிறகு சொன்னால் அவன் இருந்தும் ஒன்றுதான், இல்லாமல் போனாலும் ஒன்றுதான்.

இன்று அவன் இடத்தில் ஜீப்புக்குள் ஒரு சின்ன ஜன்னல். அவனுக்குக் குரல் இருந்தது. இதற்கு ஒரு 'டிர்ர்ர்' போதும்.

அடுத்த முறை பஸ்சுக்குக் காத்திருக்கும்போது ஒரு நிமிடம் அண்ணாந்து பாருங்கள். பொழுது சாய்ந்த வானத்தில் நட்சத்திரம் போல் ஒன்று மின்னாமல் மினுக்காமல் நேராக நடந்து போனால், அது விண்வெளி நிலையமாக இருக்கலாம்.

நீங்கள் பார்த்து முடிப்பதற்குள் அது வங்காள விரிகுடாவுக்கு மேலே போயிருக்கும். பஸ் மட்டும் வந்திருக்காது!